குடிக்காமல் திரும்புவது எப்படி?

ஒயின் வியாபாரக் கண்காட்சிக்குப் போகிறேன் என்று சொன்னதும் ஆபீஸ் நண்பர்கள் கண்ணடிப்பார்கள். மைத்துனர் தனக்கும் ஒரு டிக்கெட் போடச் சொல்லுவார். வீட்டில் பேச்சு கொஞ்சம் குறையும். மூவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். நீங்கள் அங்கே குடிக்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறார்கள். ஒரே நாளில் இத்தனை பாட்டிலைக் கண்ணால் பார்த்துவிட்டு இவ்வளவு குறைவாகத் தொண்டைக்குள் இறக்குகிற இடம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. முதல்முறை போகிறவர்கள் இந்த உண்மையைத் தாங்கிக்கொள்ளவே இந்தக் குறிப்புகள்.

முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள். இத்தாலியின் வெரோனாவில் 1967 முதல் வினிட்டாலி நடக்கிறது. இத்தாலியர்கள் நடத்துவதால் அங்கே மதியச் சாப்பாடு வேலைக்குக் குறுக்கே வராது, வேலைதான் சாப்பாட்டுக்குக் குறுக்கே வரும். பாரிஸில் பிப்ரவரியில் நடப்பது இப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. நான் சிபாரிசு செய்வது ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் மார்ச் மாதம் நடக்கும் ப்ரோவைன். 1994-இல் ஆரம்பித்தது. 2019-இல் சுமார் 6,900 நிறுவனங்கள் ஸ்டால் போட்டிருந்தன. பிறகு கொரோனா வந்து இரண்டு வருடம் நடக்கவே இல்லை. பாரிஸ்காரர்கள் ஒரு பங்கை இழுத்துக்கொண்டார்கள். 2025-இல் ஸ்டால்கள் 4,200 அளவுக்கு இறங்கிவிட்டன. நடத்துகிறவர்களுக்கு இது கவலை. உங்களுக்கு லாபம்: ஸ்டாலில் நிற்பவர் இப்போது உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச நேரம் ஒதுக்குவார். இன்னொரு காரணமும் உண்டு. டுசல்டார்ஃப் பீர் ஊர். அதன் அருமை ராத்திரியில்தான் தெரியும் என்பதால் கடைசியில் சொல்கிறேன்.

தங்குவதற்கு அந்த ஊரிலேயே அறை தேடாதீர்கள். அந்த மூன்று நாளும் ஓட்டல்காரர்கள் சொல்லும் வாடகையில் ஒரு நல்ல பர்கண்டி கேஸ் வாங்கிவிடலாம். எஸ்ஸன், டூயிஸ்பர்க், கொலோன் என்று பக்கத்து ஊர்களில் தங்கி ரயிலில் வாருங்கள். கொலோனில் தங்கினால், காலையில் எங்கே கிளம்புகிறீர்கள் என்று அறைக்காரரிடம் சொல்ல வேண்டாம். கொலோனுக்கும் டுசல்டார்ஃபுக்கும் ஆகாது.

அடுத்தது கழுத்தில் தொங்கும் அட்டை. இது வியாபாரிகளுக்கான கண்காட்சி, பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. இறக்குமதியாளர், ஓட்டல்காரர், சொமெலியே, பத்திரிகைக்காரர் என்று ஏதாவது ஒன்றாக நீங்கள் இருந்தாக வேண்டும். ஸ்டால்காரரின் கண் முதலில் உங்கள் நெஞ்சுக்குத்தான் வரும், முகம் அப்புறம். அட்டையில் இந்தியா என்று இருந்தால் அந்தக் கண்ணில் 140 கோடி கோப்பைகள் மின்னுவதைப் பார்க்கலாம். அதை உடனே அணைத்துவிடாதீர்கள். நம் நாடு இறக்குமதி ஒயினுக்கு நெடுங்காலமாக 150 சதவீத சுங்கவரி போட்டுவந்தது, அதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் தனி லேபிள் பதிவு, தனி கலால் என்பதெல்லாம் மூன்றாவது கோப்பை ஊற்றிய பிறகு சொல்லவேண்டிய விஷயங்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அங்கே ஒரு தனிச் சலுகை இருக்கிறது; பலருக்கு அது தெரியாது. எங்கள் மாநிலத்தில் சில்லறை மது விற்பனையை 2003 முதல் ஒரே ஓர் அரசு நிறுவனம்தான் நடத்துகிறது என்று போகிறபோக்கில் சொல்லிப் பாருங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் நிமிர்வார். ஸ்வீடனின் சிஸ்டம்போலாகெட், நார்வேயின் வின்மோனோபோலெட், கனடாவின் ஒன்டாரியோவில் எல்சிபிஓ இவையெல்லாம் அரசே நடத்தும் மதுக்கடைகள். அங்கிருந்து கொள்முதல் அதிகாரி வருகிறார் என்றால் ஐரோப்பிய ஒயின்காரர்கள் மாப்பிள்ளை மரியாதை செய்வார்கள். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் ஒரு தேசம் முழுக்க அலமாரி நிறைந்துவிடும். எங்கள் டாஸ்மாக்கும் அந்த வம்சம்தான் என்று ஸ்டால்காரர் நினைத்துக்கொண்டால், மேசைக்குக் கீழே ஒளித்துவைத்த பாட்டில் மேலே வரும். தன்னுடைய ரீஸ்லிங் வெள்ளை ஒயின் நம் ஊர்க் கடையின் கம்பிவலைக்குப் பின்னால் நிற்கும் காட்சியை அவர் மனதில் வரைந்துகொண்டிருப்பார். குறுக்கே பேசாதீர்கள்.

இனி உடம்பைத் தயார்செய்வது. செண்ட், அத்தர், ஜவ்வாது எதுவும் கூடாது. மல்லிகைப்பூவும் கூடாது. ஒரு ஹாலில் ஆயிரம் மூக்குகள் வேலை செய்துகொண்டிருக்கும். உங்கள் வாசனை நாலு ஸ்டாலுக்கு அப்பால் ஒருவருடைய ஷார்டனேயில் போய்க் கலக்கும். புதினா பேஸ்ட்டில் பல் தேய்த்த அரைமணி நேரத்தில் ரீஸ்லிங்கைத் தொட்டால் புளித்த மருந்துபோல இருக்கும். இரவில் பல்லெல்லாம் கறுத்துப் போனதைக் கண்டு பதறி உடனே பிரஷ்ஷை எடுப்பதும் தவறு. நாள் முழுக்க அமிலத்தில் ஊறிய பல் எனாமல் அந்த நேரத்தில் இளகியிருக்கும். தேய்த்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டுக் காத்திருங்கள். கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்று அடுத்த பத்தியில் தெரியும்.

துப்ப வேண்டும். இந்தத் தொழிலின் அடிப்படை வித்தை அதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முறை ஊற்றுவது 30 மில்லி என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 100 ஒயினுக்கு 3 லிட்டர் ஆகிறது. அதாவது நான்கு முழு பாட்டில். மூன்று நாளும் அப்படியே விழுங்கினால் உங்களை ஊருக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பு இந்தியத் தூதரகத்துக்குப் போய்விடும். எனவே ஒவ்வொரு மேசையிலும் ஒரு படிக்கம் இருக்கும். வாயில் கொஞ்சம் எடுத்து, நாக்கில் புரட்டி, காற்றைச் சத்தத்தோடு உள்ளே இழுத்து, பிறகு படிக்கத்தில் விட வேண்டும். அனுபவஸ்தர்கள் இரண்டடி தூரத்திலிருந்து மெல்லிய கோடாக, ஒரு சொட்டு சிதறாமல் விடுவார்கள். அப்போதும் கையில் போன் இருக்கும், பேச்சும் நிற்காது. நீங்கள் முதல் நாள் அதை முயலவேண்டாம். டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நன்றாகக் குனிந்து விடுங்கள். குனிவதற்கு முன் அங்கே இன்னொரு தலை இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் ரசத்தை உறிஞ்சிக் குடித்ததற்காகச் சின்ன வயதில் திட்டு வாங்கியவர்கள் அந்தப் பழக்கத்தை இங்கே பயமில்லாமல் வெளியே எடுக்கலாம். உறிஞ்சும் சத்தம் எவ்வளவு பலமோ, அவ்வளவு ஞானஸ்தன் என்று அர்த்தம்.

என்னதான் துப்பினாலும் கன்னத்துச் சதை வழியாகக் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். சாயங்காலம் நாலு மணிக்கு எல்லா ஒயினும் அருமையாக இருப்பதாகத் தோன்றினால், ஒயின்களின் தரம் கூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் ஆர்டரில் கையெழுத்துப் போடுவதும் நல்லதல்ல. ஸ்டால்காரர்களுக்கு இது தெரியும். விலைப்பட்டியலை நாலு மணிக்குத்தான் எடுப்பார்கள்.

அடுத்து, பேசுவது. துப்பி முடித்ததும் எதிரே இருப்பவர் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. நல்லா இருக்கு என்று குடிக்கிறவர்கள் சொல்வார்கள், வாங்குகிறவர்கள் சொல்லமாட்டார்கள். கண்ணை லேசாக மூடி, ஐந்து விநாடி கழித்து, "அமிலம் நன்றாக நிற்கிறது" என்று சொல்லுங்கள். ஜெர்மன் வெள்ளை ஒயினில் பத்துக்கு ஒன்பதில் அது நிற்கும். பழைய ரீஸ்லிங்கை முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வரும். பயந்து கோப்பையைக் கீழே வைக்காதீர்கள். டிடிஎன் என்ற வேதிப்பொருள் வெயில் பட்ட பழத்திலிருந்து உருவாகி, பாட்டிலில் வருடம் ஏற ஏறத் தலைகாட்டுகிறது. முகத்தில் பரவசம் காட்டுங்கள். நனைந்த அட்டைப்பெட்டி, பழைய ஈரச் செய்தித்தாள் வாசனை வந்தால் மட்டும் பரவசம் வேண்டாம். டிசிஏ என்ற பொருளால் கார்க் கெட்டிருக்கிறது. மரியாதையாக, தாழ்ந்த குரலில், வேறு பாட்டில் திறக்க முடியுமா என்று கேளுங்கள். அன்றைக்கு அந்த ஸ்டாலில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் மதிப்பு எந்த வருணனைக்கும் கிடைக்காது.

மோசல் பக்கத்து ஸ்டால் என்றால் மேசையில் ஒரு துண்டு சிலேட்டுக்கல் வைத்திருப்பார்கள். எங்கள் மண் என்பார்கள். கல்லைக் கையில் எடுங்கள், எடை பாருங்கள், திருப்பிப் பாருங்கள், பிறகு ஒயினை முகர்ந்து "கல் தெரிகிறது" என்று தலையாட்டுங்கள். கல்லின் தாதுக்கள் வேர்வழியே ஏறி அப்படியே கோப்பையில் சுவையாக வந்து நிற்காது என்று நிலவியல்காரர்கள் பலகாலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஸ்டால் போடுவதில்லை.

ஒரே ஒரு இடத்தில் நடிக்க வேண்டியதில்லை. வூர்ட்டம்பெர்க் பகுதி ஸ்டாலைக் கண்டுபிடித்து முஸ்காட்ட்ரோலிங்கர் ரோஸே இருக்கிறதா என்று கேளுங்கள். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் தேனி மாவட்டமே எழுந்து வரும். உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் அந்த ரகம்தான் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதும் அதுவேதான். ஸ்டால்காரர் ரோஜா, மஸ்கட், மசாலா என்று தன் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருக்கும்போது, இந்தப் பழத்தைத் தள்ளுவண்டியில் கிலோக் கணக்கில் வாங்கி, விதையைத் துப்பித் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள் என்று சொல்லலாம். துப்புவதில் நமக்கு முன் அனுபவம் உண்டு என்பதும் அப்போது அவருக்குப் புரியும்.

நிபுணர்கள் நடுவில் கூச்சமாக இருந்தால் இரண்டு ஆராய்ச்சிகளை நினைத்துக்கொள்ளுங்கள். போர்தோவில் ஒயினியல் படித்த 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினையும், அதே ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்ததையும் கொடுத்தார்கள். சாயம் போட்டதைச் சிவப்பு ஒயினுக்கே உரிய வார்த்தைகளால் அவர்கள் வருணித்துத் தள்ளினார்கள். மாரோ, ப்ரோஷே, டுபூர்டியூ மூவரும் 2001-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கலிஃபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், அவரே ஒயின் தயாரிப்பவரும்கூட, மாநிலப் போட்டி நடுவர்களுக்கு ஒரே பாட்டிலிலிருந்து மூன்று கோப்பைகளை மற்றவற்றோடு கலந்து ஊற்றவைத்தார். ஒரே ஒயினுக்கு ஒரே நடுவர் ஒருமுறை 90, இன்னொரு முறை 86, மற்றொரு முறை 94 என்ற கணக்கில் போட்டார். கிட்டத்தட்டப் பத்தில் ஒருவர்தான் நிலையாக நின்றார். அவரும் அடுத்த வருடம் சறுக்கினார். இதை 2008-இல் ஹாட்ஜ்சன் வெளியிட்டதற்குப் பின்னும் நடுவர்கள் மதிப்பெண் போடுவதை நிறுத்தவில்லை. நீங்களும் தயங்காமல் போடலாம். 88-க்குக் கீழே மட்டும் போடாதீர்கள், நட்பு கெட்டுவிடும்.

கருத்தரங்குகளுக்கும் போக வேண்டும், ஏனென்றால் அங்கே நாற்காலி இருக்கிறது. ஹாலுக்கு ஹால் நடந்து கெட்டுப்போன காலுக்கு அதுதான் மருந்து. கதவருகே உட்காருங்கள். பேச்சு நான்கு விஷயங்களைத் தாண்டாது: வெயில் கூடுகிறது, அறுவடை முந்துகிறது, பாட்டில் கனமாக இருக்கிறது, இளைஞர்கள் குடிப்பதில்லை. கடைசி விஷயம் வந்ததும் அரங்கத்தில் ஓர் அமைதி வரும். சர்வதேச ஒயின் அமைப்பான ஓஐவியின் கணிப்புப்படி 2024-இல் உலகம் குடித்தது சுமார் 2,140 கோடி லிட்டர். 1961-க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. திரையில் கீழ்நோக்கிப் போகும் கோட்டைப் பார்த்து எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். உலகம் குடிக்காமல் போகிறதே என்று வருந்தும் அந்த நூறு பேரும் காலையிலிருந்து துப்பிக்கொண்டிருந்தவர்கள் என்பதை அங்கே எழுந்து சொல்லிவிடாதீர்கள். கேள்வி நேரத்தில் ஏதாவது கேட்டே ஆகவேண்டும் என்றால் பாட்டில் எடையைக் கேளுங்கள். காலியாக இருக்கும்போதே கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும் பாட்டில்கள் உண்டு. அதைத் தயாரிப்பவர் அரங்கத்தில் நிச்சயம் இருப்பார், அவர் முகத்தைப் பார்க்கலாம்.

கண்காட்சிக்கு முன்னும் பின்னும் வழியில் இறங்குவதுதான் இந்தப் பயணத்தின் சுகம். ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கினால் கொலோனுக்கு மணிக்கு 300 கிலோமீட்டரில் பறக்கும் ரயில் உண்டு. அதில் போனால் சுரங்கச் சுவரைத்தான் சுவைக்க முடியும். ரைன் நதியை ஒட்டிப்போகும் பழைய பாதையில் வாருங்கள். ரைங்காவ் பகுதியில் இறங்கி ஷ்லாஸ் யோஹானிஸ்பெர்க் மாளிகைக்கு ஏறுங்கள்; முற்றத்தில் குதிரைக்காரன் சிலை இருக்கும். அந்தத் தோட்டம் ஒரு காலத்தில் ஃபுல்டா மடாதிபதிக்குச் சொந்தம். அவர் எழுத்துமூலம் அனுமதி தராமல் அறுவடையைத் தொடங்கக்கூடாது. 1775-இல் அனுமதியைக் கொண்டுவந்த அந்தக் குதிரைக்காரன் வாரக்கணக்கில் தாமதமாக வந்தான். பழமெல்லாம் பூஞ்சை பிடித்துச் சுருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே பிழிந்தார்கள். ஒயின் தேனாக இருந்தது. ஸ்பேட்லேஸே என்ற தாமத அறுவடை வகை அங்கிருந்து பிறந்ததாகக் கதை. ஆவணம் எவ்வளவு, அலங்காரம் எவ்வளவு என்று பிரிக்க முனையாதீர்கள். அரசு அலுவலகத்தில் கோப்பு நகராமல் கிடந்து அவதிப்பட்டவர்கள் அந்தச் சிலைக்குக் கீழே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். கோப்பு தாமதத்தால் நன்மை விளைந்த சம்பவங்களில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அங்கிருந்து கோப்ளென்ஸ் போய் மோசல் நதிப்பக்கம் திரும்பினால் ப்ரெம் ஊரில் கால்மோன்ட் என்ற சரிவு. சில இடங்களில் 65 டிகிரி. திராட்சைக்கொடி இருக்கிறது என்பதைவிட ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே சரி. வேலையாட்களும் கூடையும் ஒற்றைத் தண்டவாள வண்டியில் ஏறுகிறார்கள். அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு விலையைக் கேளுங்கள், பேரம் பேச நாக்கு எழாது. லேபிளில் எழுதியிருப்பதெல்லாம் குழப்பினால் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். 8 என்றால் இனிப்பு மிச்சமிருக்கிறது. 12-க்கு மேல் என்றால் சர்க்கரை பெரும்பாலும் ஆல்கஹாலாக மாறிவிட்டது. ரீஸ்லிங்குக்கு இந்த ஒரு சூத்திரம் போதும். விவசாயி வீட்டு முன்னறையில்தான் ருசி பார்ப்பது நடக்கும். பாட்டி பாட்டில் திறப்பார், நாய் உங்கள் ஷூவை முகரும். படிக்கம் கேட்டால் தருவார்கள். ஆனால் பாட்டி கண்முன்னே துப்புவது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது. ஆறு ஒயின் ருசி பார்த்துவிட்டு வெறுங்கையோடு கிளம்பக்கூடாது. நம் சுங்கத்தில் தலைக்கு 2 லிட்டர்தான் வரியில்லாமல் விடுவார்கள் என்பதால் இரண்டு முழு பாட்டில், 375 மில்லியில் ஓர் இனிப்பான ஆவுஸ்லேஸே என்று வாங்குங்கள். சூட்கேஸில் ஒரு கோப்பை அளவுக்கு இடம் மிச்சமிருக்கும். மைத்துனரிடம் அதைச் சொல்லாதீர்கள்.

வழியில் ஆர் நதிப் பள்ளத்தாக்கில் இறங்கினால் மட்டும் இந்தக் கட்டுரையின் புத்திசாலித்தனத்தை எல்லாம் ரயிலிலேயே விட்டுவிடுங்கள். 2021 ஜூலை வெள்ளத்தில் அந்தச் சின்ன நதி நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. நிலவறைகள் முழுக்கச் சேறு. சேறு அப்பிய பாட்டில்களைக் கழுவாமல் அப்படியே விற்று நிவாரணத்துக்கு 40 லட்சம் யூரோவுக்கு மேல் திரட்டினார்கள். அங்கே மாய்ஷோஸ் ஊரில் 1868-இல் விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு ஒயின் சங்கம் இன்னும் நடக்கிறது. அவர்களுடைய ஸ்பேட்பர்குண்டர் சிவப்பை வாங்குங்கள். வருணனை தேவையில்லை.

இப்போது டுசல்டார்ஃப் ராத்திரிக்கு வருவோம். ஆறு மணிக்குக் கண்காட்சி மூடியதும் யூ 78 ரயில் ஒயின் ஆட்களால் பிதுங்கும். பாதிப்பேர் பழைய நகரத்துக்கு இறங்குவார்கள். அரை சதுர கிலோமீட்டரில் நூற்றுக்கணக்கான மதுக்கடைகள் இருப்பதால் உலகத்தின் நீளமான பார் என்று அந்த இடத்துக்குப் பட்டப்பெயர். அங்கே ஒயின் கேட்டால் சிரிப்பார்கள். யூரிகெ, ஷூமாக்கர் போன்ற பழைய பீர் தயாரிப்புக் கடைகளில் செம்பழுப்பு நிற ஆல்ட் பீர் மட்டும்தான். மார்கழி சீசனில் கச்சேரியைவிடச் சபா கான்டீனில்தான் விஷயம் தெரியவரும் என்பதுபோல, எந்த இறக்குமதியாளர் பணம் தராமல் இழுக்கிறார், யார் தோட்டத்தை விற்கப்போகிறார், இன்று காலை மேடையில் கண்கலங்கியவர் எந்த விலைக்கு இறங்கிவந்தார் என்ற செய்தியெல்லாம் இங்கே நிற்கும் மேசைகளில்தான் புழங்கும். விசிட்டிங் கார்டுகளை இங்கே கொடுங்கள். பகலில் கொடுத்தவை படிக்கத்துக்குப் பக்கத்தில் நனைந்து கிடக்கும்.

பரிமாறுகிறவருக்கு கொபெஸ் என்று பெயர். நீல ஏப்ரன் கட்டியிருப்பார், நாக்கில் முள் இருக்கும். தண்ணீர் கேட்டால் சோப்பும் துண்டும் வேண்டுமா என்பார். கொலோன்காரர்களின் கோல்ஷ் பீரைக் கேட்டால் என்ன சொல்வார் என்பதை எழுத முடியாது. நீங்கள் கேட்காமலே கோப்பை காலியானதும் அடுத்தது வந்து உட்காரும். அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு விழும். வேண்டாம் என்று கைகாட்டினால், தலையாட்டினால், ஆங்கிலத்தில் கெஞ்சினால் பலன் இல்லை. அந்த அட்டையை எடுத்துக் கோப்பை மேல் மூடுங்கள். அதுதான் அவருக்குப் புரியும் ஒரே மொழி. இந்த வரியைப் பலரும் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் படிக்கிறார்கள்.

இங்கே படிக்கம் கிடையாது. எனவே மறுநாள் காலை ஒன்பது மணிச் சந்திப்பை ஆல்கஹால் நீக்கிய ஒயின் விற்கும் ஸ்டாலில் வைத்துக்கொள்ளுங்கள். ரூடெஸ்ஹைம் ஊரின் கார்ல் யுங் நூறு வருடங்களுக்கும் முன்பே, வெற்றிடத்தில் குறைந்த சூட்டில் ஒயினிலிருந்து ஆல்கஹாலைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கனவுகளுக்கு அர்த்தம் சொன்ன யுங் வேறு. ஆனால் காலை ஒன்பது மணிக்கு, கண் எரிய, அந்த ஸ்டாலில் உட்கார்ந்திருக்கும்போது இருவரும் ஒருவர்தானோ என்ற சந்தேகம் வரும். அங்கே ஊற்றுவதைத் துப்ப வேண்டியதில்லை.